ஆக்ராவில் பாதியில் நின்ற விவாதம்

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் சீமை கும்பினியார் வசமாகும் வரை ஹைதர், திப்பு ஆகியோரின் ஆளுகையில் இருந்ததும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் இன்றும் ஒரே சந்தையில் ஒலிப்பதுமான வேப்பனப்பள்ளிப் பிரதேசத்தில், ஈசா நபியைப் போற்றும் இஸ்லாமியரும் இயேசுவைத் தெய்வமெனத் தொழும் கிறிஸ்தவரும் அண்டை அயலாராக வாழ்கின்றனர். அவர்களிடையே எழக்கூடிய மூலாதாரமான வினா, சுவிசேஷங்கள் அவரைக் கடவுள் என்று கூறுகின்றனவா என்பது. இவ்வினாவைப் பகிரங்க சபையில் தீர்த்துக்கொள்ள இந்நாட்டில் நடந்த மிகப் பிரசித்தமான முயற்சி 1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஆக்ராவில் நிகழ்ந்தது.

கிறிஸ்தவத் தரப்பில் நின்றவர் ஜெர்மானியரான கார்ல் பாண்டர் பாதிரியார். அவருக்குத் துணை தாமஸ் பிரெஞ்சு என்னும் இளம் பாதிரியார். எதிர்த்தரப்பில் மௌலானா ரஹ்மத்துல்லா கைரானவி. அவர் பக்கத்தில், ஐரோப்பிய வேத விமர்சன நூல்களை ஆங்கிலத்திலேயே கற்றுத் தேர்ந்திருந்த மருத்துவர் வஜீர் கான். பாண்டர் அதற்கு முன்னரே ‘மீஸானுல் ஹக்’ என்னும் நூலையும், கிறிஸ்துவின் தெய்வத்தன்மையையும் திரித்துவத்தையும் பற்றிய ‘மிஃப்தாஹுல் அஸ்ரார்’ என்னும் நூலையும் இயற்றிப் பரப்பியிருந்தார்.

இஸ்லாமியரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிதா தம்மினும் பெரியவர் என்று இயேசுவே கூறுவது யோவான் சுவிசேஷத்தில் உண்டு. கடைசி நாள் குமாரனும் அறியாதது என்றும், நல்லவர் கடவுள் ஒருவரே என்றும் அவர் சொல்வது மாற்கு சுவிசேஷத்தில் உண்டு. அறியாமையும் பசியும் மரணமும் உடையவர் சர்வேசுவரனாவது எங்ஙனம் என்று அவர்கள் வினவினர். இதற்குக் கிறிஸ்தவர்கள், 451-ஆம் ஆண்டு கல்கெதோன் சங்கம் வரையறுத்தபடி, தெய்வ சுபாவமும் மனித சுபாவமும் ஒரே ஆளில் கலப்பின்றியும் பிரிவின்றியும் இருப்பதால், தாழ்மையின் சொற்கள் மனித சுபாவத்துக்கு உரியவை என்று விடையிறுத்தனர். அதே மாற்கு சுவிசேஷத்தில் அவர் தம் சொந்த அதிகாரத்தால் பாவங்களை மன்னிப்பதையும், பிரதான ஆசாரியன் முன் தேவகுமாரனென்று ஒப்புக்கொள்வதையும், யோவானில் தோமா அவரைத் தன் தேவனென்று அழைத்தபோது அவர் அதைக் கண்டிக்காததையும் எடுத்துக்காட்டினர். என் எண்ணத்தில், இவ்விடைகளுள் வலிமை மிக்கது மாற்கு சுவிசேஷத்திலிருந்து காட்டப்பெறுவதே. ஏனெனில் வினா எழுந்த ஏட்டிலிருந்தே அந்த விடையும் எழுகிறது.

ஆயினும் ஆக்ராவில் இவையெல்லாம் சபைக்கே வரவில்லை. வேதம் ரத்தாவது, வேதம் திரிக்கப்பட்டது, திரித்துவம், முகம்மது நபியின் தூதுத்துவம் எனத் தொடர்ந்த வரிசையில் முதல் இரண்டுடன் சபை கலைந்தது. யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் திரித்துவத்தைக் கூறும் வசனம் பிற்காலச் சேர்க்கை என்பதைப் பாதிரிமார் ஒப்புக்கொண்டபோது, கைரானவி வெற்றி முழக்கினார். அந்த ஒப்புதலை நான் தோல்வியாகக் கருதவில்லை. இராஸ்மஸ் 1516-இல் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலேயே அவ்வசனம் இல்லை; கிறிஸ்துவின் தெய்வத்தன்மையைக் கூறும் கோட்பாடும் அதன்மேல் நிற்கவில்லை. பாண்டரின் குறை வேறிடத்தில் இருக்கிறது: தம் தாய்நாட்டில் இருபது ஆண்டுகளாகக் கொந்தளித்துக்கொண்டிருந்த வேத விமர்சனத்தை வஜீர் கான் கொண்டுவந்து முன்வைப்பார் என்று எதிர்பாராமலே அவர் சபையேறினார்.

1857 கிளர்ச்சிக்குப் பின் கைரானவி மெக்காவுக்குச் சென்று, ‘இஸ்ஹாருல் ஹக்’ என்ற பெருநூலை இயற்றி, 1891-இல் அங்கேயே காலமானார். பாண்டர் 1865-இல் இங்கிலாந்தில் மறைந்தார். பாண்டருக்கு மறுப்புரைக்கும் அணியில் நின்ற இமாதுத்தீன் என்னும் அறிஞரோ, 1866-இல் அமிர்தசரஸில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் பின்னர் எழுதிய நூல்களை அடுத்த வாரம் காண்போம்.