மிட்வைப் மிஸ் நம் வீட்டுப் படி ஏறிய கதை



போன கிழமை எங்கள் பாடசாலையில் முதலாம் தரப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை. எம்.ஓ.எச். ஒபிசிலிருந்து வருகிறார்கள், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்து விடுங்கள் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தோம். வரலாறு படிப்பிக்கிற எனக்கு அன்றைக்குப் புத்தகம் சேர்க்கிற வேலை. 31 பிள்ளைகளில் 9 பேர் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு தாய்க்கு போன் எடுத்தேன். “அது எங்கயோ கிடக்கு டீச்சர். நிறை பார்த்துக் கீறின கோடுதானே, அதுல என்ன இரிக்கி?” என்றா. இன்னொரு தாய், யாரோ அனுப்பிய வொய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டு ஒன்றரை வயதுக்குப் பிறகு பிள்ளைக்கு ஊசியே போடவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் மூத்தம்மாதான் ஞாபகத்துக்கு வந்தா. “பெத்தது ஒம்பது, இரிக்கிறது அஞ்சி” என்று சொல்லுவா. யார் கேட்டாலும் ஒன்பதில் இருந்துதான் தொடங்குவா.

அந்தக் காலத்தில் பிள்ளைப்பேறு பார்த்தது ஊர் மருத்துவிச்சி. தெற்கிலும் மேற்கிலும் உள்ள நம்மவர்கள் ஒஸ்தா மாமி என்பார்கள். அவர்களைக் குறைவாகப் பேச எனக்கு மனமில்லை. நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் வந்தவர்கள், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர்கள். ஆனால் கை கழுவவும் கருவியை அவிக்கவும் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையில் கிடைத்ததால் தொப்புள்கொடியை வெட்டி, சாம்பலோ வேறெதுவோ வைத்துக் கட்டுவார்கள். ஏழாம் எட்டாம் நாளில் பிள்ளை வாய் இறுகிப் பால் குடிக்காது, உடம்பு வில்லாக வளையும். பேய் பிடித்தது என்று ஓதிப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் ஏற்புவலி.

அறிவு அப்போது இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பிரசவ வைத்திய நூலைத் தமிழில் கொண்டுவந்துவிட்டார். தமிழிலேயே மருத்துவமும் கற்பித்தார். கொழும்பில் 1879 இல் டி சொய்சா பிரசவ மனை திறந்தாயிற்று. ஆனால் எழுத்துத் தெரியாத மருத்துவிச்சிக்கு நூல் என்ன செய்யும்? மாட்டு வண்டில் பாதையில் இருக்கிற கிராமத்துப் பெண்ணுக்குக் கொழும்பு எத்தனை நாள் தூரம்?

மாற்றம் தொடங்கியது ஒரு புழுவில் இருந்து. சிரிக்காதீர்கள், உண்மைதான். 1916 அளவில் றொக்பெல்லர் மன்றத்தார் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொழுக்கிப்புழு மருந்து கொடுக்க வந்தார்கள். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. கொஞ்ச நாளில் அதே ஆளுக்குத் திரும்பவும் புழு. மலசலகூடம் இல்லாத இடத்தில், வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தால் வேறென்ன நடக்கும்? இரத்தம் குறைந்த தாய் பிரசவத்தில் தாங்கமாட்டாள். மருந்து மட்டும் போதாது, வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும் என்பது அந்த அனுபவத்தில் விளங்கியது.

1926 இல் அவர்களுடைய உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி ஆரம்பிக்கப்பட்டது. பேருவளையும் அளுத்கமையும் இருக்கிற அதே மாவட்டம். ஒரு வைத்திய அதிகாரி, தாதி, பரிசோதகர்கள், மருத்துவ மாதர்கள். இவர்கள் நோயாளி வரும்வரை காத்திருக்கவில்லை. குறிக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பு, அதற்குள் இருக்கிற ஒவ்வொரு வீடும் அவர்களுடைய பொறுப்பு. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக், வீட்டுத் தரிசிப்பு, பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை. போன கிழமை எங்கள் மண்டபத்தில் நடந்ததும் அந்த வரிசையில் ஒன்றுதான். இன்றுள்ள எம்.ஓ.எச். முறை அந்த விதையில் முளைத்தது.

1930களில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் மரணித்தார்கள். அதாவது 50 பிரசவத்துக்கு ஒரு மையித். 1934-35 மலேரியா கொள்ளைநோய் அதற்கு மேலால் வந்தது. 1935 இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. 1950 அளவில் தாய் மரணம் 500 சொச்சத்துக்கு இறங்கியது. இன்று சுமார் 30. பிள்ளை மரணம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே.

இது முழுவதும் மிட்வைப் மிஸ்மாரின் சாதனை என்று எழுதினால் நான் வரலாறு படிப்பிக்கத் தகுதியில்லை. 1946 இல் டி.டி.ரி. அடித்து மலேரியாவை அடக்கினார்கள். கிராமப்புற ஆஸ்பத்திரிகள் வந்தன, பென்சிலின் வந்தது, பங்கீட்டு அரிசி இருந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்து பெண் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கினார்கள். கனடாவில் பிறந்து யாழ்ப்பாணத் தமிழரை மணந்த டாக்டர் மேரி இரத்தினம், 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிளா சமிதியை உருவாக்கி, கிராமத்துப் பெண்களையே கூட்டி உணவு, சுத்தம், பிள்ளை வளர்ப்புப் பற்றிப் பேசவைத்தார். எல்லாம் சேர்ந்துதான். ஆனால் இவை அத்தனையையும் வீட்டு வாசலுக்குள் கொண்டுவந்தது குடையும் பையுமாக நடந்து வந்த ஒரு பெண்.

சராசரி எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. கர்ப்பிணிகளுக்கு ஏற்புத்தடை ஊசி 1969 இல்தான் தொடங்கியது. எங்கள் மூத்தம்மாவின் கடைசிப் பிள்ளை பிறந்தது 1966 இல்.

என் உம்மா என்னை வயிற்றில் வைத்திருந்தபோது நடந்ததை உம்மாவே பலமுறை சொல்லியிருக்கிறா. எங்கள் பகுதிக்கு வந்த மிஸ் பக்கத்துத் தமிழ் ஊர்க்காரி. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நேரே உம்மாவிடம் போகமாட்டாவாம். முதலில் மூத்தம்மா பக்கத்தில் பாயில் இருந்து, ஒரு வாய் வெற்றிலை கேட்பாவாம். கோழி முட்டை இடுகிறதா, மழை எப்படி என்று பேச்சு. மூத்தம்மாவுக்கு ஊசியென்றால் பிடிக்காது, “எங்களுக்கெல்லாம் ஊசியா போட்ட?” என்பா. ஒருநாள் மிஸ் ஏற்புவலி எப்படி வரும், பிள்ளை என்னமாதிரி விறைக்கும் என்று விளக்கியிருக்கிறா. மூத்தம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாவாம், “அப்ப என்ட ரெண்டு புள்ளைக்கும் பேய் இல்லயா மகள்?”

மிஸ் இல்லை என்று மட்டும் சொன்னாவாம். அடுத்த கிளினிக் நாளில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது மூத்தம்மாதான்.

கலாசாலையில் சுகாதாரக் கல்வி படித்தபோது போஸ்டர், விளக்கப்படம், கலந்துரையாடல் என்று முறைகள் நிறையச் சொல்லித் தந்தார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த வெற்றிலைக்கு ஒரு பாடம் இருக்கவில்லை.

பிரச்சினை காலத்தில் அந்த மிஸ் வரமுடியாமல் போனது. இரண்டு ஊருக்கும் நடுவில் பாதை மூடினால் யார்தான் வருவது? பிறகு வந்தவ சிங்களம் மட்டும் பேசினா. நல்ல மனிசி, ஆனால் “பால் கட்டியிரிக்கி” என்று ஒரு தாய் சொல்ல, பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை அதை மொழிபெயர்க்க வேண்டும். பெண்கள் எத்தனையை விழுங்கியிருப்பார்கள்! இருந்தாலும் சங்கிலி அறுந்துவிடவில்லை. 1995 இல் போலியோ சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகளையே ஒதுக்கி வைத்த நாட்கள் இருந்தன. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட விடயங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று. 1993க்குப் பிறகு இந்த நாட்டில் போலியோ நோயாளி இல்லை. அந்த ஒன்றரை வயதுப் பிள்ளையின் தாய்க்கு இதைத்தான் முதலில் சொன்னேன். வொய்ஸ் மெசேஜ் அனுப்பியவருக்குப் போலியோ கால் எப்படி இருக்கும் என்று தெரியாது, ஏனென்றால் அந்த ஊசியும் சொட்டும் அதை அவர் கண்ணில் படாமல் செய்துவிட்டன.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ 3000 பேருக்கு ஒரு மருத்துவ மாது என்பது கணக்கு. எங்கள் பிரிவு மிஸ் ஓய்வு பெற்று வருடம் ஒன்றாகப் போகிறது. பக்கத்துப் பிரிவு மிஸ் இரண்டையும் பார்க்கிறா. கிளினிக்கை நடத்தவே அவவுக்கு நேரம் போதாது, பாயில் இருந்து பேச எங்கே நேரம்? அந்த 9 புத்தகங்களும் தொலைந்ததற்கு தாய்மாரை மட்டும் குறை சொல்ல என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்து, “பாருங்க, கோடு இந்த மாதம் கீழ போகுது, என்ன குடுக்கிறீங்க?” என்று கேட்க ஆளில்லை.

எங்கள் ஊரில் பெண் டொக்டர்கள் இருக்கிறார்கள், மாஷா அல்லாஹ். ஆசிரியைகள் தேவைக்கு மேலே. ஆனால் இந்த வேலைக்கு நம் பிள்ளைகளை விட நமக்கு ஏனோ மனம் வருவதில்லை. வெயிலில் அலையிற வேலை, மாப்பிள்ளை கிடைக்காது என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. நம் வீட்டுப் பெண்களை நம் பேச்சில் விளங்கிக்கொள்கிற ஒருத்தி வரவேண்டும் என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள்.

அன்று பின்னேரம் பதினோராம் தரத்தில் பாடத்தை நிறுத்திவிட்டு, மிட்வைப் வேலைக்குப் படிக்க யாருக்கு விருப்பம் என்று கேட்டேன். சிரிப்பு. பின் வரிசையில் ஒரு கை பாதி உயர்ந்து, பக்கத்தில் பார்த்துவிட்டு இறங்கியது. இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அவளுடைய உம்மாவைப் பார்க்கப் போகிறேன்.