மூன்று கண்ணாடிகள்

சின்ன வயதிலிருந்து நான் அதிகம் கேட்ட வசவு "கூன் போடாதே, நிமிர்ந்து உக்காரு" என்பதுதான். கேட்டவுடன் நெஞ்சைத் தள்ளி, இடுப்பை வளைத்து, மோவாயைத் தூக்கி உட்காருவேன். இரண்டு நிமிடம்தான். பிறகு பழைய கூன். என் சோம்பேறித்தனம் என்றே நம்பியிருந்தேன். எஃப். எம். அலெக்ஸாண்டரின் கதையைப் படித்த பிறகு, கோளாறு அந்தக் கட்டளையிலேயே இருக்கலாம் என்று தோன்றியது.

அலெக்ஸாண்டர் 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர். ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதிகளை மேடையில் தனியாளாக நடித்துச் சொல்வது அவர் தொழில். மைக் இல்லாத காலம். குரல்தான் சோறு. அந்தக் குரல் கட்டிக்கொள்ள ஆரம்பித்தது. மருத்துவர் சொன்னபடி இரண்டு வாரம் குரலுக்கு ஓய்வு கொடுத்தார். மேடை ஏறியபோது குரல் சரியாக இருந்தது. பாதி நிகழ்ச்சியில் மறுபடி கரகரப்பு. கடைசியில் பேசவே முடியவில்லை. ஏறும்போது இருந்த குரல் இறங்கும்போது இல்லையென்றால், இடையில் நான் செய்யும் ஏதோ ஒன்றுதானே காரணம் என்று கேட்டார். மருத்துவர் ஒத்துக்கொண்டார். அது என்ன என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

அலெக்ஸாண்டர் கண்ணாடி முன் நின்றார். வசனம் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுக்கிறார், குரல்வளையை அமுக்குகிறார், வாயால் மூச்சை உறிஞ்சுகிறார். சரி, தலையை முன்னால் கொண்டுபோனால் போயிற்று. அப்படியே செய்தார். குரல் தேறவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு கண்ணாடிகளை வைத்துப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. முன்னால் கொண்டுபோவதாக அவர் உறுதியாக உணர்ந்த அதே நொடியில், தலை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய முறை முழுவதும் இந்த ஒரு அதிர்ச்சியிலிருந்து முளைத்ததுதான். பழகிய கோணல் நமக்கு நேராகத் தெரிகிறது. நேரானது கோணலாகத் தெரிகிறது. அப்படியிருக்க, உணர்வை நம்பித் திருத்தினால் பழைய கோணலையே இன்னும் பலமாகச் செய்வோம். அதனால் அவர் திருத்துவதை விட்டுவிட்டு, நிறுத்துவதைப் பழகினார். பேச வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும் பேசாமல் ஒரு கணம் நிற்பது. கழுத்து இறுகாத வரைக்கும்தான் அடுத்த அடி. பிற்பாடு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதையேதான்: நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது போன்ற அன்றாட அசைவுகள், கூடவே ஆசிரியரின் லேசான கை.

1904இல் லண்டன் போனார். நடிகர்கள் வந்தார்கள். பெர்னார்ட் ஷாவும் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் பாடம் கற்றார்கள். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி அவருடைய மூன்று புத்தகங்களுக்கு முன்னுரை எழுதினார். எதிர்ப்பும் வந்தது. 1944இல் தென்னாப்பிரிக்க இதழ் ஒன்று அவரைக் கடுமையாகத் தாக்கியது. அவர் அவதூறு வழக்குப் போட்டு 1948இல் ஜெயித்தார். 1955இல் இறந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப்போக முடியவில்லை. 1910இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில், மனித இனங்களைக் 'காட்டுமிராண்டி', 'நாகரிகம்' என்று ஏணிப்படிகளில் அடுக்கும் பேச்சு இருக்கிறது. அன்றைய வெள்ளைக்காரச் சமூகத்துக்கு அது இயல்பான உண்மையாகவே தெரிந்தது. தன் கழுத்தையே நம்பாமல் மூன்று கண்ணாடி வைத்த மனிதர், அந்த எண்ணத்துக்கு ஒரு கண்ணாடிகூட வைக்கவில்லை. இதற்காக அவரைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் எனக்கு, அவர் சொன்னதற்கு அவரே பெரிய சாட்சியாகவும் தெரிகிறார். பழகிய கோணல் நேராகத்தான் தெரியும், கழுத்தில் மட்டுமல்ல.

1973இல் நோபல் பரிசு பெற்ற விலங்கியலாளர் நிக்கோ டின்பெர்கன், தன் ஏற்புரையின் கணிசமான பகுதியை அலெக்ஸாண்டர் முறைக்கு ஒதுக்கினார். 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட முதுகுவலி உள்ள 579 பேர் பங்கேற்றார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு, ஓராண்டுக்குப் பிறகும் நான்கு வாரத்தில் 21 நாள் வலி. 24 பாடங்கள் எடுத்தவர்களுக்கு 3 நாள். அலெக்ஸாண்டர் சொன்ன எல்லாவற்றையும் இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் வலியோடு எழுந்திருப்பவருக்கு 18 நாள் என்பது சின்ன விஷயமா?

ஒருநாள் போனைப் பக்கவாட்டில் வைத்து, 'நேராக' உட்கார்ந்து என்னையே வீடியோ எடுத்தேன். சுவர் போல நிமிர்ந்திருப்பதாக நினைத்தேன். திரையில் இருந்தவன் முதுகு பின்னால் சாய்ந்திருந்தது, கழுத்து ஆமை மாதிரி முன்னால் நீண்டிருந்தது.

இப்போதும் வீட்டில் "நிமிர்ந்து உக்காரு" என்று குரல் வரும். நான் உடனே எதுவும் செய்வதில்லை. "சொல்றது காதுல விழலையா?" என்கிறார்கள். விழுகிறது. அதனால்தான் சும்மா இருக்கிறேன்.