கேஸ்ட்ரிக் என்றொரு பெயர்ச்சொல்

பகாவ், ரொம்பின், லிங்கி, சிலியாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டத்து ஆளைக் கேட்டாலும் மேல்வயிற்று வலிக்கு ஒரே பெயர்தான் வரும். "கேஸ்ட்ரிக் வந்துருச்சுங்க", "அவருக்கு ரொம்ப நாளா கேஸ்ட்ரிக் இருக்கு." அண்டை வீட்டு மலாய்க்காரருக்கும் சீனர் கடையிலும் அதே சொல்தான். ஆனால் ஆங்கிலத்தில் அது நோயின் பெயர் அன்று, வெறும் பெயரடை. வயிற்றைக் குறிக்கும் ‘காஸ்டேர்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; ‘இரைப்பை சார்ந்த’ என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. இரைப்பை சார்ந்த புண்ணா, அழற்சியா, அமிலமா? அதைச் சொல்ல வேண்டிய பின்சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அடையே நோயாகிவிட்டது.

தமிழ்க் காது இன்னொரு வேலையும் செய்தது. முன்பாதியில் ‘கேஸ்’ கேட்கிறதல்லவா? அப்படியானால் அது காற்று; ஏப்பம் விட்டால் இறங்கிவிடும். தமிழ்நாட்டு ‘கேஸ் ட்ரபி’ளும் இதற்குத் துணை நின்றது. உண்மையில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ‘கேஸ்’ 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் என்ற பிளெமிய வேதியலாளர் ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை மனத்தில் வைத்துப் புதிதாகக் கட்டிய சொல். ஆனாலும் இப்படித் தவறாகக் கேட்டது எளிதில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. கப்பலேறி வந்தவர்களிடம் ‘வாயு’ ஏற்கெனவே இருந்தது. வந்த இடத்து மலாய்க்காரர்களும் ‘அங்கின்’ என்று காற்றையே குற்றம் சொன்னார்கள். கோடாலித் தைலத்தைத் தொப்புளைச் சுற்றித் தேய்ப்பதில் இரு வீட்டுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

வாயுவுக்கு முன்பு பெரிய பெயர் குன்மம். வடமொழியில் ‘குல்ம’ என்றால் புதர், கொத்து. வயிற்றுக்குள் திரண்டு நிற்கும் கட்டி என்ற கருத்தில் அது நோய்ப்பெயரானது. மகரத்துக்கு முன் லகரம் னகரமாவது தமிழின் இயல்பு. நூல் மரபு நூன்மரபாகிறது, வால்மீகி வான்மீகியாகிறார், திருவாரூரின் வல்மீகநாதர் வன்மீகநாதராகிறார். குல்மமும் அப்படியே குன்மமாயிற்று. சித்த மருத்துவ நூல்கள் வேறு காரணம் சொல்கின்றன: உடலையும் மனத்தையும் குன்றச் செய்வதால் குன்மம். சொல்லாராய்ச்சிக்கு இது ஒத்துவராது. இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோற்றைப் பார்த்தாலே பயந்தவர்களைக் கண்ட மருத்துவர்தான் இப்படிப் பொருள் சொல்லியிருக்க முடியும். அவர்கள் எட்டு வகை பிரித்தார்கள்: எரிகுன்மம், வலிகுன்மம், வாந்தியோடு வரும் சத்திகுன்மம் என்று. ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடவில்லை.

சூலை அதைவிடப் புகழ்பெற்றது. சூலம் குத்துவது போன்ற வலி. பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகையில் தமக்கை திலகவதியாரிடம் அப்பரைத் திருப்பி அனுப்பியது இந்த வயிற்று வலிதான். அவருடைய முதல் பதிகமே அதைப் பற்றியதுதான். பின்னாளில் இந்தச் சொல் வயிற்றை விட்டு ஊர் சுற்றப் போனது. சித்த மருத்துவத்தில் மூட்டுக்கும் நரம்புக்கும் வரும் வலிகளும் சூலையாயின. இதில் ஒரு விபரீதப் பொருத்தம் இருக்கிறது. செம்பனைக் குலை அறுத்து முதுகும் முழங்காலும் விட்டுப்போனவர் தினம் விழுங்கும் வலி மாத்திரை, இரைப்பையைப் புண்ணாக்கும் காரணங்களில் முதல் வரிசையில் நிற்கிறது. மூட்டுச் சூலைக்குத் தின்ற மருந்து வயிற்றுச் சூலையாகிறது.

இந்தப் பழம்பெயர்கள் மறைந்து கேஸ்ட்ரிக் குடியேறிய இடம், என் கணிப்பில், தோட்டத்து மருந்துக் கொட்டகைதான். டாக்டர் எப்போதாவது வந்துபோவார். அன்றாட வைத்தியம் டிரெசர் எனும் மருத்துவ உதவியாளர் கையில். அவர் தொழிலை ஒழுங்குபடுத்த 1965-இல் தனிப் பதிவுச் சட்டமே வந்தது. வயிற்று வலி என்று போனால் வெள்ளை மருந்து கிடைக்கும். மெக்னீசியம் ட்ரைசிலிகேட் கலவை; அடியில் சுண்ணாம்பு போல் படிந்திருக்கும், குலுக்கிக் குடிக்க வேண்டும், நாக்கில் மாவும் புதினா வாசனையும் நிற்கும். கொடுக்கும்போது ஒரு வாக்கியமும் கூடவே வரும்: "நேரத்துக்குப் பசியாறணும்." காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு முன்னால் ஒரு வரக்காப்பி, பிறகு ரப்பர்ப் பால் எடுத்து முடிக்கும் வரை வெறும் வயிறு. தோட்டத்து ஆட்களுக்கு இந்த அறிவுரை நியாயமாகவே பட்டது.

ஆனால் பசியாறாததுதான் காரணம் என்பது பாதிக்கும் குறைவான உண்மை. வெறுங்காலோடு நிரையில் நடந்தவர்களின் பாதத்தைத் துளைத்துக் குடலுக்குப் போன கொக்கிப்புழு மேல்வயிற்றில் வலியையும் உடம்பில் சோகையையும் கொடுத்தது. மலாயாவில் அதை ஆராய 1915-இல் ராக்ஃபெல்லர் குழு ஒன்றே வந்தது. பிறகு 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். இரைப்பைப் புண்ணுக்கு அதுவே பெருங்காரணம் என்பது நிலைபெற்று, 2005-இல் நோபல் பரிசும் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியான் லீயும் கூட்டாளிகளும் நாட்டு மக்களைச் சோதித்தபோது, இக்கிருமி மலாய்க்காரர்களிடம் குறைவாகவும் இந்தியர்களிடம் மிக அதிகமாகவும் இருந்தது. வெள்ளை மருந்து இதைத் தொடாது. ஒன்றிரண்டு வாரம் கூட்டாகச் சாப்பிட வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லிகள்தான் தீர்வு. பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் இதே இடத்தில்தான் வலிக்கும். சம்சுச் சாராயம் குடித்தவர்களின் ‘கேஸ்ட்ரிக்’ எத்தனை கணையத்தில் தொடங்கியதோ!

எல்லாவற்றிலும் பொல்லாதது நெஞ்சு. வயிறும் இதயமும் பெயரளவில் குழம்புவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கத்தில் ‘கார்டியா’ இதயத்துக்கும் பெயர், இரைப்பையின் வாய்க்கும் பெயர். மலாயில் நெஞ்சுக்குழி ‘ஊலு ஹாத்தி’: ஆற்றின் மேல்பகுதியை ஊலு என்பது போல, ஈரலின் தலைப்பகுதி. அதே ‘ஹாத்தி’தான் மனத்துக்கும் பெயர். நம் ‘நெஞ்செரிச்ச’லோ எரிவது உணவுக்குழாயாக இருந்தும் நெஞ்சின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768-இல் இதய நெஞ்சுவலியை விவரித்தபோது குறிப்பிட்ட அடையாளம், நடக்கையில், அதிலும் மேட்டில் ஏறுகையில், சாப்பிட்ட சற்று நேரத்தில் பிடிப்பது, நின்றால் விட்டுவிடுவது. சாப்பிட்டதும் வருகிறது என்றால் தோட்டத்தில் அது கேஸ்ட்ரிக்கேதான். ஈனோ கலக்கிக் குடிப்பார்கள், உட்கார்ந்ததால் விட்ட வலியை ஈனோ விரட்டியதாக நினைப்பார்கள். 2019 தேசிய நலக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களுக்கு மாரடைப்பு பல நேரம் நெஞ்சில் குத்தாது. மேல்வயிற்று அழுத்தம், குமட்டல், வியர்வை என்றே வரும். அதனால்தான் அவசரப் பிரிவில் "கேஸ்ட்ரிக்" என்று வருகிற நாற்பது, ஐம்பது வயதுக்காரரைப் படுக்கவைத்து முதலில் இசிஜி எடுக்கிறார்கள். "வயித்து வலிக்கு நெஞ்சுல எதுக்கு ஒயர் ஒட்டுறீங்க?" என்று கேட்கிறவர்களும் உண்டு. எப்போது பிடித்தது, நடக்கும்போதா, எங்கே பரவியது, வியர்த்ததா என்று தாதி திருப்பிக் கேட்பார். அந்த நான்கு கேள்விகளுக்கும் கேஸ்ட்ரிக் என்ற சொல்லில் பதில் இல்லை.