பார்த்தாலே தெரிந்துவிடுமா? 1986-இல் சென்னையில் நடந்த ஒரு பரிசோதனை



படிவம் 5 வகுப்பில் பால்வினை நோய்களைப் பற்றிய கருத்துணர் பகுதி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன், "டீச்சர், அந்த நோய் உள்ளவங்கள பார்த்தாலே தெரிஞ்சிடும்தானே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1986 வரைக்கும் இந்தியாவில் படித்தவர்களே பலர் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எய்ட்ஸ் என்பது மேல்நாட்டு நோய், நம்ம ஊர் ஒழுக்கத்துக்கு அது வராது என்பதுதான் அன்றைய பேச்சு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981 ஜூனில் அமெரிக்காவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது. 1983-இல் பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் கண்டார்கள். 1985-இல் இரத்தத்தைச் சோதிக்கும் 'எலைசா' முறை புழக்கத்துக்கு வந்தது. மூன்றாவதைக் கவனியுங்கள். சோதனை வந்த பிறகுதான் நோய் முற்றாத மனிதரிடமும் தொற்றைக் கண்டறிய முடிந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். அவருடைய முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, வயது முப்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தவரிடம், தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பாரேன் என்றார் பேராசிரியர். நிர்மலா முதலில் தயங்கினார். எதிர்மறை முடிவுதானே வரப்போகிறது, அதை வைத்து என்ன எழுதுவது என்ற கவலை. கணவர்தான் 'செய்' என்று தைரியம் சொன்னார்.

யாரிடம் இரத்தம் எடுப்பது? பம்பாய் மாதிரி பாலியல் தொழிலுக்கென்று தனிப்பகுதி சென்னையில் இல்லை. நிர்மலா அரசுப் பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் பேசிப் பழகினார். அவர்கள் வழியாகத்தான், கைதான பெண்களை அடைத்துவைக்கும் அரசு இல்லம் அவருக்குத் தெரியவந்தது. மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார். கையுறை கிடையாது, பாதுகாப்புக் கருவி கிடையாது. மாதிரிகளை வைக்க இடமில்லாமல் தன் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்திருந்தார்! இன்றைக்குப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி இப்படிச் செய்தால் நாமெல்லாம் பதறிப்போவோம்.

சென்னையில் எலைசா வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியோடு இரவு ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள்.

சோதனை எப்படி நடக்கும் என்று மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் கிருமியின் புரதம் பூசியிருக்கும். இரத்தத்தின் தெளிநீரை அதில் விடுவார்கள். அந்தக் கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் அதில் இருந்தால், புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் போகாது. பிறகு நொதி சேர்த்த இன்னொரு கரைசலை விட்டால் நிறம் மாறும். சோதனை தேடுவது கிருமியை அல்ல, அது உள்ளே வந்த தடயத்தை. தடயம் உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். அதனால், தொற்று ஏற்பட்ட மறுநாளே சோதித்து 'ஒன்னுமில்லை' என்று நிம்மதியடைவது தவறு.

அன்று ஆறு குழிகள் மஞ்சளாயின.

நம்ப முடியாமல் மறுபடி மாதிரி எடுத்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பி, 'வெஸ்டர்ன் பிளாட்' என்ற வேறொரு முறையிலும் உறுதிப்படுத்தினார்கள். மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். நம்பாதவர்களும் இருந்தார்கள், ஆய்வாளர்களையே குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அதே 1986-இல்தான் மலேசியாவிலும் முதல் தொற்று பதிவானது என்பதையும் நம் மாணவர்கள் சேர்த்து நினைவில் கொள்ளலாம்.

தேர்வுக் கட்டுரைகளில் நான் அடிக்கடி திருத்தும் பிழை ஒன்று. அந்த ஆறு பெண்களை 'முதல் எய்ட்ஸ் நோயாளிகள்' என்று எழுதிவிடாதீர்கள். எச்.ஐ.வி. என்பது கிருமி. எய்ட்ஸ் என்பது, சிகிச்சை இல்லாமல் பல ஆண்டுகள் போனபின் வரும் முற்றிய நிலை. அவர்களிடம் கண்டறியப்பட்டது தொற்றுதான்.

இனி எனக்கு நெருடலாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அந்த இல்லத்துப் பெண்களுக்கு என்ன சோதனை என்று சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே நினைத்தார்கள். பின்னாளில் நிர்மலாவே இதைப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். சொன்னாலும் புரிந்திருக்காது என்பது அவருடைய விளக்கம். அந்தக் காலத்தின் வழக்கம் அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், ஒரு நாட்டையே விழிக்க வைத்த இரத்தம் பூட்டிய கதவுக்குள் இருந்தவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. வேண்டாம் என்று சொல்லக்கூட வழியற்றவர்கள் அவர்கள். சாதனையைப் பாடமாக நடத்தும்போது இதையும் விடாமல் நடத்துங்கள். "இது சரியா டீச்சர்?" என்று மாணவர்களே கேட்பார்கள். என் வகுப்பில் கேட்டார்கள். அரைமணி நேரம் விவாதம் ஓடியது, கருத்துணர் கேள்விகள் பாக்கி நின்றன.

சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். தாமாக முன்வருவோருக்கு ஆலோசனையோடு சோதனை என்பது அங்கே நடைமுறையானது. பரிசோதிக்கப்படுபவரின் சம்மதம் வேண்டும் என்பதை இந்தியா 2017-இல் சட்டமாகவே இயற்றியது. அவர் 2015-இல் காலமானார். மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துத் தேர்ச்சி பெற்றார். பிறகு சென்னை கிங் ஆய்வு நிலையத்தில் தடுப்பூசி தயாரிக்கும் வேலையில் சேர்ந்து, 2010-இல் ஓய்வுபெற்றார்.

பின் வரிசை மாணவன் அன்று வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான். "அப்போ அந்த ஆறு பேரும் நம்மள மாதிரிதான் இருந்திருப்பாங்க, இல்ல டீச்சர்?" என்றான். ஆமாம் என்றேன்.