மையோலை முதல் டோனர் வரை: ஒரு கறுப்புப் பொடியின் வரலாறு

மலர்க் குழு அன்பர்கள் "இந்த வருஷமாவது ஒரு கட்டுரை கொடுங்க ஐயா" என்று கேட்டபோது, சிந்தாமணியைப் பற்றியோ எங்கள் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அடியேன் தமிழில் பட்டம் பெற்றவன் அல்லன். வேதியியலையும் கல்லூரியில் படித்தவன் அல்லன். நாற்பது ஆண்டுகளாக மும்பையில் பொடி விற்றுப் பிழைத்தவன். மூக்குப்பொடியா, மிளகாய்ப்பொடியா என்று கேட்காதீர்கள். ஜெராக்ஸ் இயந்திரத்திலும் லேசர் பிரிண்டரிலும் நிரப்புகிற டோனர் ஒன்று. இரும்பு ஜன்னல், பீரோ, மின்விசிறி ஆகியவற்றின் மேல் பூசுகிற பவுடர் கோட்டிங் பொடி மற்றொன்று. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இவற்றின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது மாட்டுங்கா, செம்பூர், தாராவி மூன்றும் அதில் வந்து சேர்ந்தன. அதை இங்கே எழுதுகிறேன். கூடவே, என் வியாபாரக் கணக்கில் எழுதாமல் விட்ட ஒரு கடனையும் எழுதுகிறேன்.

மையோலை

எங்கள் பாட்டனார் வீட்டுப் பரணில் ஓலைக் கட்டுகள் இருந்தன. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து வெறும் பள்ளம்தான், கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள், கோவை இலைச் சாறு, விளக்குப் புகைக்கரி ஆகியவற்றைக் கலந்து தடவித் துடைத்தால், கரி பள்ளத்தில் தங்கும். எழுத்து எழுந்து நிற்கும். ஆக, எழுத்து என்பது கரித்துகள். அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு பசை. இந்த இரண்டும்தான் இன்றைய டோனரும்.

ஓலை பூச்சி அரித்துப் போகும். ஆகவே மறுபடி மறுபடி படி எடுக்க வேண்டும். சமணர் சொல்லும் நான்கு தானங்களில் ஆகாரம், அபயம், ஔஷதம் ஆகியவற்றோடு சாஸ்திர தானமும் ஒன்று. நூலைப் படி எடுத்துக் கொடுப்பது சோறு போடுவதற்குச் சமமான புண்ணியம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட முடிந்ததற்கு, அதற்கு முன் பல தலைமுறையாகப் பெயர் தெரியாத பலர் ஓலையில் படி எடுத்து வைத்ததே காரணம். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

கை வலித்த ஒருவர்

படி எடுத்துக் கை வலித்த இன்னொருவர் அமெரிக்காவில் இருந்தார். செஸ்டர் கார்ல்சன் என்று பெயர், 1906இல் பிறந்தவர். ஒரு மின்பொருள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை. பத்திரங்களுக்குப் படிகள் எப்போதும் போதாது. அவருக்கோ கண் பார்வை மந்தம், மூட்டு வாதம் வேறு.

அவர் துணைக்கு அழைத்தது மிகப் பழைய ஒரு உண்மையை. அம்பரைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். வடமொழியில் அதற்கு 'திருணமணி', அதாவது புல்லை இழுக்கும் மணி, என்றே பெயர். ஜெர்மனியில் லிக்டன்பர்க் என்பவர் 1777இல், மின்னேற்றிய பிசின் பலகையில் தூசி தானாக நட்சத்திரக் கோலமாகப் படிவதைக் கண்டார். மின்சாரம் இருக்குமிடத்தில் பொடி ஒட்டும்; இல்லாத இடத்தில் ஒட்டாது.

1938 அக்டோபர் 22ஆம் நாள், நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், கார்ல்சனும் அவர் உதவியாளர் ஓட்டோ கோர்னையும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். தேதியையும் ஊரையும் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன் மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் வடிந்துபோயிற்று. எழுத்தின் நிழலில் மட்டும் தங்கிற்று. லைகோபோடியம் என்னும் செடித்தூளைத் தூவி ஊதினார்கள். எழுத்து தெரிந்தது. மெழுகுத் தாளை அழுத்திச் சூடு காட்டி எடுத்தார்கள். அதுதான் உலகின் முதல் ஜெராக்ஸ் படி.

ஆயினும் அது சந்தைக்கு வர இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பல கம்பெனிகள் வேண்டாம் என்றன. 1944இல் பேட்டல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. பிறகு ஹாலாய்டு என்ற சிறு நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1959இல் வந்த 914 என்னும் இயந்திரம்தான் உலகத்தை மாற்றிற்று. 9க்கு 14 அங்குலத் தாள் வரை படி எடுக்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். கிரேக்கத்தில் 'ஜீரோஸ்' என்றால் உலர்ந்தது. ஈர மை இல்லாத எழுத்து என்று கொள்ளலாம். இந்தியாவில் 1983இல் மோடி ஜெராக்ஸ் தொடங்கி, உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் தொழிற்சாலை வைத்தது. அதன் பின் ஜெராக்ஸ் என்பது நமக்கு ஒரு கம்பெனியின் பெயராகவே தோன்றவில்லை. தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

மாட்டுங்கா

நான் 1982இல் மும்பை வந்து, மாட்டுங்காவில் மாமா இருந்த அறையில் தங்கினேன். மாமா கோட்டைப் பகுதி ஆபீஸ் ஒன்றில் ஸ்டெனோ. அக்காலத்து மாட்டுங்காத் தமிழருக்குச் சோறு போட்டது சுருக்கெழுத்தும் தட்டச்சும்தான் என்றால் மிகையன்று. கார்பன் தாள் வைத்து ஆறாவது படிக்கு மேல் அடித்தால் எழுத்து மங்கும். சபா நோட்டீஸ் என்றால் சைக்ளோஸ்டைல். கை முழுக்க மை.

அவர் ஆபீசுக்கு ஜெராக்ஸ் இயந்திரம் வந்த அன்று இரவு மாமா சொன்னார்: "மாப்ளே, இனிமே காப்பி எடுக்க ஆள் வேணாம்டா. ஆனா ஒண்ணு, நான் அடிச்ச தப்பையும் சேத்துத்தான் அது காப்பி எடுக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த ஆபீசில் புதிதாக ஸ்டெனோ யாரும் சேர்க்கப்படவில்லை.

அதே மாட்டுங்காவில் நமக்கு இன்னொரு முகமும் உண்டு. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933இல் தொடங்கிய வேதித் தொழில்நுட்பத் துறை 1943இல் மாட்டுங்கா வளாகத்துக்கு வந்தது. 1938இல் அதன் முதல் இந்திய இயக்குநரானவர் சென்னையில் பிறந்த பேராசிரியர் கே. வெங்கட்ராமன். செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றி அவர் எழுதி 1952இல் வெளிவந்த இரு தொகுதிகள் உலகெங்கும் பாடநூலாயின. 1957இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநராகச் சென்றார். மாட்டுங்காத் துறை 2008இல் தனிப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

சாயத்துக்கும் டோனருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். டோனரில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேரும் மின்னேற்றப் பொருள்கள் பல, சாய வகையைச் சேர்ந்தவையே. நிக்ரோசின் என்னும் கறுப்புச் சாயம் பொடிக்கு நேர்மின் கொடுக்கும். உலோகம் சேர்ந்த அசோ சாயங்கள் எதிர்மின் கொடுக்கும். இங்கே சாயத்தின் முதல் வேலை நிறம் தருவதன்று, மின்னேற்றம் தருவது.

செம்பூர்ச் சரக்கு, சமையல் பக்குவம்

பொடியின் பெரும்பங்கு பிசின். அந்நாளில் குங்கிலியம் மரத்திலிருந்து வந்தது; இந்நாளில் பிசினுக்கு மூலம் கச்சா எண்ணெய். செம்பூரை அடுத்த மாஹுலில் ஸ்டான்வாக் சுத்திகரிப்பு ஆலை 1954இலும் பர்மா ஷெல் ஆலை 1955இலும் ஓடத் தொடங்கின. இன்று அவை இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம். செம்பூர்வாசிகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அந்த எண்ணெய்த் தொழிலின் வழிவந்தவையே ஸ்டைரீனும் பாலியெஸ்டரும்.

செய்முறையைச் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். டோனருக்கு நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வரை பிசின், 5 முதல் 10 பங்கு வரை புகைக்கரி, சிறிது மெழுகு, மின்னேற்றப் பொருள். கலந்து எக்ஸ்ட்ரூடரில் விடுவார்கள். முறுக்குக் குழல் போன்றது. உள்ளே திருகு சுழலும். சூட்டில் உருகிப் பாகாகி வெளியே வரும். ஆறவைத்து, கடலை மிட்டாய் போல உடைத்து, காற்று ஆலையில் விடுவார்கள். அங்கே கல்லும் இல்லை, கத்தியும் இல்லை. அழுத்தக் காற்றில் துகளோடு துகள் மோதித் தாமே பொடியாகும். காற்றாலேயே பிரித்துச் சலித்து, கட்டி தட்டாமல் ஓட நுண்மணல் போன்ற சிலிக்கா தூவுவார்கள். ஒரு துகள் ஏறக்குறைய 8 மைக்ரான். தலைமயிரின் பருமனில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அரைக்காமல், நீரில் நுண்துளிகளைத் திரட்டியே துகளை வளர்க்கும் முறையும் வந்துவிட்டது.

பவுடர் கோட்டிங் பொடிக்கும் இதே எக்ஸ்ட்ரூடர், இதே உடைப்பு, இதே அரைப்பு. துகள் மட்டும் 30 முதல் 50 மைக்ரான் வரை பெரிது. ஜெர்மனியில் எர்வின் கெம்மர் 1953இல் காப்புரிமை கேட்ட முறையில், காற்றில் நுரைத்து நிற்கும் பொடிக்குள் சூடான இரும்பை முக்கி எடுத்தார்கள். 1960களில் எக்ஸ்ட்ரூடரில் எப்பாக்சிப் பொடி செய்யும் முறையும், மின்னேற்றித் தெளிக்கும் துப்பாக்கியும் வந்தன. இன்று தெளித்த இரும்பை அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூட்டில் பத்துப் பதினைந்து நிமிஷம் வைப்பார்கள்.

ஒரே ஒரு வேறுபாடு. டோனர் வெல்லப் பாகு மாதிரி. சூடு பட்டால் மறுபடி உருகும். பவுடர் கோட்டிங் இட்லி மாதிரி. ஒருமுறை வெந்தால் மறுபடி மாவாகாது. தின்னர் வாடையும் கிடையாது, கீழே சிந்தியதை அள்ளி மறுபடி தெளிக்கலாம் என்பதால், ஈரப் பெயின்டைவிடப் பல வகையில் நல்லது.

தாராவியில் பட்ட கடன்

நான் இந்த வியாபாரத்துக்கு வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். தாராவியில் பழகிய முதலாளி ஒருவர் தோல் சரக்கில் பங்கு தருவதாகச் சொன்னார். நல்ல லாபம். உயிர்க்கொலை சம்பந்தப்பட்ட தொழில் வேண்டாம் என்று விலகி, பொடிக்கு வந்தேன். "நம்மது அகிம்சை வியாபாரம்" என்று வீட்டிலும் ஊரிலும் பெருமை பேசினேன்.

லேசர் பிரிண்டர் பெருகியதும் காலி கார்ட்ரிட்ஜை மறுபடி நிரப்பும் தொழில் தாராவிச் சந்துகளில் வந்தது. புதுசு வாங்கும் விலையில் சிறு பங்குக்கு நிரப்பித் தருவார்கள். நான் கிலோ கணக்கில் பொடி கொடுத்தேன். 2003 வாக்கில், தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய ஒரு தகரக் கூரை அறையில், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் கார்ட்ரிட்ஜைத் திறந்து, காற்றுக் குழலால் பழைய பொடியை ஊதிக்கொண்டிருந்தான். அறையே கறுப்பு. தும்மினான், கைக்குட்டையும் கறுப்பு. என்னைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணாச்சி, இது வெறும் கரிதான? ஒண்ணும் செய்யாதுல்லா?"

"வெறும் கரிதாம்ப்பா" என்றேன். எனக்கு அப்போது தெரியாது என்பது பாதி உண்மை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதே மீதி.

பிறகுதான் படித்தேன். 1980லேயே, ஜெராக்ஸ் படிகளிலிருந்து எடுத்த சாற்றைப் பாக்டீரியாவில் சோதித்தபோது மரபணு மாற்றம் கண்டார்கள். புகைக்கரியைப் பக்குவப்படுத்தும்போது உண்டான நைட்ரோபைரீன் என்னும் கலப்புதான் காரணம். உற்பத்தியாளர்கள் கரி செய்யும் முறையை மாற்றி அதைக் குறைத்தார்கள். 1996இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை புகைக்கரியை 'ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது. பவுடர் கோட்டிங்கிலும் இக்கதை உண்டு. பாலியெஸ்டரை வேகவைக்கச் சேர்த்த டி.ஜி.ஐ.சி. என்னும் பொருளை, மரபணுவைக் கெடுக்கக்கூடியது என்று 1990களின் கடைசியில் ஐரோப்பா வகைப்படுத்தியது; அங்கே வேறு பொருளுக்கு மாறினார்கள்.

டோனரில் கரி பிசினுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. ஆபீசில் நாலு தாள் எடுப்பவர் பயப்பட வேண்டியதில்லை. மூடிய அறையில் தினம் எட்டு மணி நேரம் அதை ஊதுகிறவன் கதை வேறு. நுண்ணுயிர் மிதிபடாமல் இருக்கத் துறவியர் மயிற்பீலியால் தரையை வருடி நடக்கும் சமயத்தில் பிறந்தவன் நான். எதிரில் நின்ற பிள்ளையின் மூச்சுப்பையைப் பார்க்கவில்லை.

ஒரு பக்கத் தாள்

அதன்பின் ஒரு பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் எழுதி, ஒவ்வொரு பொடி டப்பாவோடும் கொடுக்கத் தொடங்கினேன். காற்றால் ஊதாதே. கைக்குட்டை போதாது, நுண்தூசி தடுக்கும் முகமூடி போடு. சாதாரண வாக்குவம் கிளீனரில் உறிஞ்சாதே. வடிகட்டி வழியே பொடி திரும்ப அறைக்குள் வரும். பொடி பறக்கும் இடத்தில் தீக்குச்சி கிழிக்காதே, நுண்தூசி வெடிக்கும். கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவு; வெந்நீர் பட்டால் பிசின் இளகித் தோலில் ஒட்டும். அவ்வளவுதான். சிலர் வாங்கிப் படித்தார்கள். சிலர் அதிலேயே வடை மடித்தார்கள். எச்சரிக்கைத் தாள் வைக்கிறவனிடம் ஏன் வாங்க வேண்டும் என்று இரண்டு பேர் வேறு கடைக்குப் போனார்கள்.

அந்தப் பையன் இன்று சொந்தக் கடை வைத்திருக்கிறார், நலமாக இருக்கிறார். அது என் புண்ணியத்தால் அல்ல. நான் அன்று சொன்னது தப்பு என்று அவரிடம் நேரில் சொன்னேன். "விடுங்க அண்ணாச்சி, இப்பவாச்சும் சொன்னீயளே" என்றார்.

2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவாகி, தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நடந்து வருகிறது. இந்தப் பட்டறைகள் எங்கே போகும் என்பது பலருக்கும் கவலை. எங்கே போனாலும் பொடி கூடப் போகும். மாட்டுங்கா வேதியியல் வளாகத்திலிருந்து தாராவிக்கு அரைமணி நேர நடைதான். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று வேதியியல் படிக்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாள், நம் சங்கத்தின் பேரிலேயே, அந்தச் சந்துகளுக்குப் போய் இதைச் சொல்லிக்கொடுத்தால் அதுவும் சாஸ்திர தானம்தான். தாள் என்னிடம் இருக்கிறது. வேண்டுபவர்கள் கேளுங்கள், ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்.