வரிக்கு முந்திய கூச்சல்

பட்ஜெட்டில் என்ன வரி வருமோ என்ற பதற்றம் இந்தியாவில் 1860-லேயே கவர்னர் பதவி ஒன்றைக் காவு வாங்கியிருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று கல்கத்தாவில் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் முதல் பட்ஜெட்டை வைத்தார். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. ஆண்டு வருமானம் 200 முதல் 500 ரூபாய் வரை நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேல் நான்கு என வருமான வரி. கூடவே தொழில் உரிம வரி, புகையிலை வரி. மசோதா சட்டமாகும் முன்பே சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் தன் ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். தெற்கு அமைதியாக இருந்தது, அதைச் சீண்ட வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் வாதம். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

மக்கள் பக்கம் நின்ற கவர்னர் என்று அவரைப் பாராட்டுவது எளிது. பெங்களூரின் ஆஸ்டின் டவுன் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. அந்தப் பக்கத்தில் 1809-ல் எழுந்த தண்டு, அதாவது கண்டோன்மென்ட், சென்னைப் பட்டாளத்தை நம்பிப் பிழைத்த ஊர். பட்டாளத்தின் பின்னாலேயே வந்த தமிழர்களில் காண்டிராக்டரும் உண்டு, குதிரைக்காரரும் சமையல்காரரும் உண்டு. சிப்பாயின் சம்பளமே மாதம் 7 ரூபாய், ஆண்டுக்கு 84. வருமான வரி இவர்களில் பெரும்பாலோரை எட்டியே பார்த்திருக்காது. ஒரு ரெஜிமென்ட் கலைந்தால் மட்டும் அடுப்பு அணைந்திருக்கும். வரி வேண்டாம் என்ற குரல் யாருக்காகவோ எழுந்தது, அதற்கு ஈடாகச் சொன்ன சிக்கனம் வேறு யாருடைய வயிற்றிலோ விழ இருந்தது.

புகையிலை வரி ஏழையைத்தானே தொடும் என்று கேட்கலாம். தொடும்தான், அது கைவிடப்பட்டதில் கூச்சலுக்குப் பங்கு உண்டென்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழை அன்றாடம் கட்டிய உப்பு வரி அப்படியே தொடர்ந்தது. கூச்சலால் என்ன பயன், சர்க்கார் நினைத்ததைத்தான் செய்யும் என்பார்கள் வேறு சிலர். 1923-ல் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரையாக்க முயன்றபோது சட்டசபை மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். மறு ஆண்டே வரி பழைய அளவுக்கு இறங்கியது. எதிர்ப்புக்குப் பலன் உண்டு, சற்றுத் தாமதமாக. பலன் யார் வீட்டுக்குப் போகிறது என்பதைத்தான் ஒவ்வொரு தடவையும் துருவ வேண்டியிருக்கிறது.

ட்ரெவெல்யனே 1862-ல் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். அவர் காலத்திலேயே, 1865-ல், வருமான வரி காலாவதியானது. உப்பு வரியை அப்போது யாரும் காலாவதியாக விடவில்லை.