ஒரு சாவிக்கொத்தின் கதை

உங்கள் கார் சாவிக்கொத்தை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். கார் சாவி, வீட்டுச் சாவி, பைக் சாவி, பிள்ளையார் படம் போட்ட கீசெயின், ஊர் ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு இலவசமாகக் கொடுத்த இன்னொரு கீசெயின். என்னுடையதில் பீரோ சாவியும் சேர்ந்து கால் கிலோ தேறும் :-)

2005 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் (இனி ஜி.எம்.) தன் டீலர்களுக்கு ஒரு சர்வீஸ் சுற்றறிக்கை அனுப்பியது. கார் ஓடும்போது சாவி தானாகத் திரும்பி மின்சாரம் போய்விடுகிறது என்று யாராவது புகார் கொண்டுவந்தால், சாவிக்கொத்தில் தொங்கும் தேவையில்லாத சாமான்களைக் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். அதாவது, சாவிக்கொத்தின் எடை தாங்காமல் கார் நின்றுபோகிறது. அதற்குத் தீர்வு, கொத்தை இளைக்க வைப்பது!

'ஓட்டத்தில் இன்ஜின் நின்றுவிடும்' என்ற வார்த்தை மட்டும் அந்தச் சுற்றறிக்கையில் இல்லை. அதைப் போட்டால் அரசின் பாதுகாப்பு அதிகாரிகள் கண்ணில் படும் என்று தவிர்த்திருக்கிறார்கள். இது ஜி.எம். நிறுவனமே வக்கீல்களை நியமித்து நடத்திய விசாரணையில், 2014-ல் வந்த முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையில் இருக்கிறது.

'பேங்க்காரன் எதுக்குய்யா கார் கதை எழுதறான்' என்று சிலர் கேட்பீர்கள். நான் மெக்கானிக் இல்லைதான். பி.காம். முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக லெட்ஜர், லோன், ஆடிட் என்று காலம் தள்ளுகிறவன். ஆனால் இந்தக் கதையைப் படிக்கப் படிக்க ஏதோ ஒரு பிராஞ்சின் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் புரட்டுவது போலவே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கோளாறு என்ன என்று பார்த்துவிடலாம். சாவியைப் போட்டுத் திருப்பினால் 'ரன்' என்ற இடத்தில் போய் நிற்கும் இல்லையா, அங்கே அதைப் பிடித்து வைத்திருப்பது ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் அது தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குச்சியும்தான். அந்தப் பிடி குறைந்தது இவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று ஜி.எம். ஓர் அளவு வைத்திருந்தது. டெல்ஃபி என்ற சப்ளையர் செய்து கொடுத்த ஸ்விட்ச் அந்த அளவுக்கு வரவில்லை. பொறுப்பில் இருந்த இன்ஜினியர் அது தெரிந்தே 2002-ல் ஒப்புதல் கொடுத்தார். 'நரகத்திலிருந்து வந்த ஸ்விட்ச்' என்று அவரே ஓர் இமெயிலில் அலுத்துக்கொண்டிருக்கிறார். சாட்டர்ன் அயான், செவர்லே கோபால்ட் என்ற சின்னக் கார்களில் அது போனது. முதல் கார் வாங்குகிறவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிற பெற்றோர்களும் தேடும் விலைமலிவான கார்கள்.

பிடி தளர்ந்திருந்ததால் முழங்கால் இடித்தாலோ, கனமான கொத்து ஒரு குலுக்கலில் ஆடினாலோ சாவி 'ஆக்சஸரி' நிலைக்கு நழுவிவிடும். இன்ஜின் நின்றுவிடும். பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்குக்குக் கூடுதல் பலம் வேண்டும். இதையெல்லாம்விட மோசமானது, ஏர்பேக்கும் செயலிழந்துவிடும். கார் கட்டுப்பாடு இழந்து மரத்தில் மோதும் அதே நேரத்தில், காப்பாற்ற வேண்டிய பை தூங்கிக்கொண்டிருக்கும்.

இது கம்பெனிக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல வழியில்லை. 2004-லேயே புகார் வந்து உள்ளுக்குள் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 2005 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். காரணம், எந்தத் தீர்வும் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு காருக்கு 57 சென்ட் என்று பிற்பாடு நாடாளுமன்ற விசாரணையில் பேசப்பட்ட தொகை இதுதான். பத்திரிகைக்காரர்களும் விடவில்லை. 2005-லேயே நியூயார்க் டைம்ஸில் ஒருவர், தன் மனைவியின் முழங்கால் பட்டு கோபால்ட் நின்றுபோனதை எழுதினார். கார் நின்றாலும் கட்டுப்படுத்த முடியும் என்பது கம்பெனியின் பதில்.

இங்கேதான் எனக்குப் பழக்கமான ஒரு வார்த்தை வருகிறது. வகைப்பாடு, எங்கள் பாஷையில் அசெட் கிளாசிஃபிகேஷன். கடன் தவணை 90 நாளைத் தாண்டினால் அது என்.பி.ஏ. அப்படி எழுதிவிட்டால் லாபத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனாலேயே எப்படியாவது 'ஸ்டாண்டர்ட்' என்றே காட்டிவிட எல்லோருக்கும் கை அரிக்கும். அமெரிக்கச் சட்டப்படி பாதுகாப்புக் குறை என்று கம்பெனி முடிவு செய்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். ரீகால் செய்து இலவசமாகச் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஜி.எம். இந்தக் கோளாறை 'வாடிக்கையாளர் வசதி' சம்பந்தப்பட்டது என்ற தலைப்பில் போட்டு வைத்தது. கண்ணாடி இறக்கும் பட்டன் சரியில்லை என்கிற மாதிரி. ஐந்து நாள் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்கவில்லை. சாவித் துவாரத்தைச் சின்னதாக்கும் ஒரு செருகலை, புகார் செய்தவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான கார்களில் அதைப் பெற்றவர்கள் 500 பேருக்கும் குறைவு.

அடுத்தது 2006. என்னைத் தூக்கிவாரிப் போட்டது இந்த இடம்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் அதே இன்ஜினியர் ஸ்விட்ச்சை மாற்ற ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். நீளமான குச்சி, இறுக்கமான ஸ்பிரிங். நல்ல காரியம்தானே என்பீர்கள். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை! உள்ளே இருக்கும் சாமான் வேறு, நம்பர் பழையது.

கோர் பேங்கிங் வருவதற்கு முன் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். லெட்ஜரில் தப்பான எண்ணை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். சுரண்டிவிட்டு மேலே எழுதக்கூடாது. திருத்தியது சரியான எண்ணாகவே இருந்தாலும் கூடாது. ஏனென்றால் நாளைக்கு ஒருவன் வந்து பார்த்தால் இங்கே தப்பு நடந்தது என்ற தடயமே இருக்காது. ஜி.எம்.மில் அதுதான் நடந்தது. சில மாடல் வருஷங்களில் மட்டும் ஏர்பேக் ஏன் விரிவதில்லை, அதற்குப் பின் வந்த கார்களில் ஏன் அந்தப் பிரச்னை இல்லை என்று கம்பெனியின் சொந்த ஆட்களே வருஷக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். பார்ட் நம்பர் ஒன்றுதானே, அதனால் ஸ்விட்ச்சில் வித்தியாசம் இருக்க முடியாது என்று அந்தப் பக்கமே போகவில்லை.

இதில் ஒரு போலீஸ்காரர் வருகிறார். 2006 அக்டோபரில் விஸ்கான்சினில் ஒரு கோபால்ட் மரத்தில் மோதி இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். ஏர்பேக் விரியவில்லை, சாவி 'ஆக்சஸரி'யில் இருந்தது. விசாரித்த மாநில நெடுஞ்சாலைக் காவலர் சும்மா விடாமல், அரசின் பாதுகாப்பு அமைப்புக்குக் கார் சொந்தக்காரர்கள் அனுப்பியிருந்த புகார்களைத் தேடிப் படித்தார். ஜி.எம்.மின் சாவிக்கொத்துச் சுற்றறிக்கையையும் கண்டுபிடித்தார். சாவி நழுவியதால்தான் ஏர்பேக் விரியவில்லை என்று 2007-லேயே ரிப்போர்ட் எழுதிவிட்டார். ஒரு பெரிய கம்பெனியின் இன்ஜினியர்கள் இன்னும் ஆறேழு வருஷம் கழித்துச் சொல்லப்போகிற விஷயத்தை! அந்த ரிப்போர்ட் ஜி.எம்.மின் கோப்புகளிலும் இருந்தது, அரசு அமைப்பிடமும் இருந்தது. அதே 2007-ல் அரசு அமைப்பில் ஓர் அதிகாரி விசாரணை தொடங்கலாம் என்றார். போதிய புள்ளிவிவரம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

உண்மை வெளியே வந்தது 2010-ல் நடந்த இன்னொரு விபத்தால். ஜார்ஜியாவில் ஒரு நர்ஸ், தன் 29-வது பிறந்தநாளன்று கோபால்டில் போகும்போது இறந்தார். சில நாள் முன்புதான் கார் தானாக நிற்கிறது என்று டீலரிடம் காட்டி, சரிசெய்தாகிவிட்டது என்று திரும்ப எடுத்து வந்திருந்தார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்பு நிபுணர் கடையில் அதே பார்ட் நம்பரில் புது ஸ்விட்ச் வாங்கி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்தார். குச்சி நீளமாக இருந்தது, ஸ்பிரிங் வேறாக இருந்தது. சுரண்டி எழுதியது அப்போதுதான் தெரிந்தது. 2013-ல் சாட்சியம் சொன்ன அந்த இன்ஜினியர் தனக்கு அப்படி ஒரு மாற்றமே தெரியாது என்றார். அவர் கையெழுத்துப் போட்ட தாள் அடுத்த வருஷம் வெளியே வந்தது.

2014 பிப்ரவரியில் ரீகால் ஆரம்பித்தது. முதலில் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, சில வாரங்களில் 26 லட்சம் கார்கள். அந்த ஜனவரியில்தான் தலைமைப் பொறுப்புக்கு வந்திருந்த மேரி பாரா ஏப்ரலில் நாடாளுமன்றக் குழு முன் நின்று மன்னிப்புக் கேட்டார். பதினைந்து பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். இறந்தவர்கள் 13 பேர் என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது. கென்னத் ஃபைன்பெர்க் என்ற வக்கீல் நடத்திய இழப்பீட்டு நிதி மனுக்களைப் பரிசீலித்து முடித்தபோது ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. 2015-ல் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் 90 கோடி டாலர் கட்டினார்கள். தனிமனிதர் யார் மேலும் குற்ற வழக்கு வரவில்லை.

இன்னொரு கிளைக்கதையும் உண்டு. 2009-ல் ஜி.எம். திவாலானது. பழைய கம்பெனியின் பாக்கிகள் ஒட்டாமல் 'புதிய ஜி.எம்.' பிறந்தது. 2009-க்கு முந்தைய காருக்கு வழக்கா, பழைய கம்பெனியைப் போய்க் கேளுங்கள் என்றார்கள். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. கடன் கொடுத்தவனுக்கு நோட்டீஸ் கொடுக்காமல் அவன் உரிமையை எப்படித் துடைக்க முடியும் என்பது கேள்வி. தாங்கள் கடன் கொடுத்தவர்கள் என்றே தெரியாத கடன்காரர்கள் அந்தக் கார் சொந்தக்காரர்கள். எங்கள் ரெகவரி டிபார்ட்மென்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நல்ல தீர்ப்பு.

சரி, நம் ஊருக்கு வருவோம். நான் இருக்கும் புனேவிலிருந்து மும்பைக்குப் போகிற வழியில் தளேகாவில் ஜி.எம். தொழிற்சாலை இருந்தது. 2017 கடைசியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தி, 2020-ல் தயாரிப்பையும் முடித்துக்கொண்டார்கள். இப்போது அந்த இடம் ஹூண்டாயிடம். அதற்கு முன், 2013 ஜூலையில், 1.14 லட்சம் டவேராக்களை இங்கே திரும்ப அழைத்தார்கள். புகைச் சோதனையில் தில்லுமுல்லு செய்ததை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

நம்மிடம் ரொம்ப காலம் ரீகாலுக்குச் சட்டமே கிடையாது. 2012-ல் வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம் தானாக ஒரு விதி வகுத்துக்கொண்டது, அவ்வளவுதான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் ஏழு வருஷத்துக்குட்பட்ட வண்டிகளுக்கு அரசே ரீகால் உத்தரவு போடலாம், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். வண்டிக்கு முழு விலை திருப்பித் தருவது கூட அந்தப் பிரிவில் இருக்கிறது, ஆனால் ஹைப்பாதிகேஷன் ஒப்பந்தத்துக்கு உட்பட்டு. (அதாவது ஆர்.சி.யில் பேங்க் பேர் இருந்தால் முதலில் எங்கள் பாக்கி :-)) கம்பெனி தானாகக் குறையைச் சொல்லி ரீகால் செய்தால் அபராதம் இல்லை. இது எனக்குப் பிடித்த விதி. ஒளிப்பதைவிடச் சொல்வது மலிவாக இருந்தால்தான் சொல்வார்கள்.

குறிப்பிட்ட சதவீதம் வண்டிக்காரர்கள் புகார் செய்தால் அரசு கவனிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதற்கு அரசின் வாகன் தளத்தில் வழி இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் எழுதுகிறோம்? சர்வீஸ் சென்டரில் சத்தம் போட்டுவிட்டு வந்துவிடுவோம்.

என்னைப் போல மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை டிரான்ஸ்ஃபரில் ஊர் மாறுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். காரைக் கோயம்புத்தூரில் வாங்கியிருப்போம், டீலர் கையில் இருப்பது அந்த வீட்டு முகவரியும் அப்போதைய செல் நம்பரும். என்.ஓ.சி. வாங்கி எம்.எச். நம்பர் போட்டுக்கொண்டு இங்கே ஓட்டுவோம். ரீகால் கடிதம் அங்கே பூட்டிய கதவுக்குக் கீழே கிடக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், கடிதம் முதல் ஓனருக்குப் போகும். ஆகவே ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேசிஸ் நம்பரை எடுத்து உங்கள் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பகுதியில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. 'சர்வீஸ் கேம்பெயின்' என்று சாதுவாகப் பேர் வைத்திருந்தாலும் என்ன மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள்.

வண்டியை சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டையும் கவனியுங்கள். எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் 'அறுபதில் போகும்போது இன்ஜின் நிற்கிறது' என்று சொன்னதை அங்கே 'ஜெனரல் செக்கப்' என்று எழுதியிருந்தார்கள். அடித்துவிட்டு அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொன்னார். எழுதினார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. பக்கத்தில் இனிஷியலும் போட வைத்தார், பேங்க்காரர் இல்லையா.

பி.கு.: டகாட்டா ஏர்பேக் கதையையும் எழுதச் சொல்லிச் சில நண்பர்கள் கேட்டிருக்கிறீர்கள். மார்ச் குளோசிங் முடியட்டும்.